கேஸ் இல்லாமல் ஐந்து பேருக்குச் சமையல்: உமியா, கொள்ளியா, கரன்ட்டா?

காரைதீவு_அடுப்படி எழுதியது:

வீட்டில் ஐந்து பேர். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று சரியாக ஒரு மாதத்துக்குத்தான் வருகிறது. காலையில் பிட்டு அல்லது இடியப்பம், பகலுக்குச் சோறும் இரண்டு மூன்று கறியும், இரவைக்கு ரொட்டி, இடையிடையே தேத்தண்ணி. 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றது போல இன்னொரு முறை வந்தாலும் அடுப்பு எரியவேண்டும், செலவும் குறையவேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் தனி அடுப்படி இருக்கிறது. 8 அடிக்கு 10 அடி, தகரக் கூரை, ஒரு பக்கம் அரைச்சுவர். பக்கத்து வளவு மதில் 4 அடி தள்ளி இருப்பதால் புகை அங்கே போகக்கூடாது. வளவில் நாலைந்து தென்னை நிற்கிறது. சம்மாந்துறைப் பக்க மில்லில் உமி எடுக்கலாம் என்கிறார்கள். கரன்ட் பில் மாதம் 80 யூனிட் அளவில் வருகிறது. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குவதா, உமி அடுப்பா, புகைபோக்கி வைத்து மண் அடுப்புக் கட்டுவதா? அளவுகளோடு சொன்னால் உதவி.


யூனிட்_கணக்கு எழுதியது:

கரன்ட் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். கேஸ் ஒரு கிலோவில் ஏறத்தாழ 46 மெகாஜூல் சூடு இருக்கிறது. 12.5 கிலோவுக்கு 575. சாதாரண கேஸ் அடுப்பில் அதில் பாதிக்குச் சற்றுக் கூடத்தான் பானைக்குள் போகும், மிச்சம் பக்கத்தால் போய்விடும். அப்படியானால் உங்கள் சமையலுக்கு உண்மையில் தேவைப்படுவது மாதம் 315 மெகாஜூல் அளவு. ஒரு யூனிட் கரன்ட் 3.6 மெகாஜூல், இண்டக்‌ஷனில் 85 வீதம் பானைக்குப் போகும் என்று வையுங்கள். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 100 யூனிட்டுக்குச் சமம்.

இதிலிருந்து ஒரு சுலபமான ஒப்பீடு வரும். சிலிண்டர் விலையை 100ஆல் பிரியுங்கள். நீங்கள் கூடுதலாக எரிக்கப்போகும் யூனிட்டுக்கு பில்லில் வாங்கும் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் கரன்ட் லாபம், கூடினால் நட்டம். கட்டணம் அடிக்கடி மாறுவதால் அந்த மாதத்துப் பில்லை வைத்தே பாருங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் கரன்ட்டுக்கு மாற்றினால் 80 போய் 180 ஆகிவிடும். வீட்டுக் கட்டணம் 30, 60, 90, 120, 180 என்று படிகளாக ஏறுகிறது, படி ஏற ஏற நிலையான கட்டணமும் ஏறும். ஆகவே 120ஐத் தாண்டாமல் எதை மாற்றலாம் என்று பாருங்கள்.

ஒரு கிலோ அரிசி ரைஸ் குக்கரில் அரை யூனிட்டுக்குள் வெந்துவிடும். நாளுக்கு ஒன்றேகால் கிலோ என்றால் மாதம் 18 யூனிட். ஒன்றரை லீற்றர் தண்ணீர் கொதிக்க மின் கேத்திலுக்கு 0.14 யூனிட் போதும். நாளுக்கு நாலு தடவை வைத்தால் மாதம் 17. இரண்டும் சேர்த்து 35, பில் 115இல் நிற்கும். இதிலேயே சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இன்னொன்று: மீற்றர் வாசிப்பு 30 நாளுக்குப் பிந்தினாலோ முந்தினாலோ அந்த நாட்களுக்கு ஏற்றபடி படியின் எல்லையும் நகரும். ஒரு மாதத்துக்கு 124 என்று வந்தவுடன் பதறவேண்டாம், எத்தனை நாளுக்கான வாசிப்பு என்று பாருங்கள்.

இண்டக்‌ஷனை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். மீன் கறியும் சொதியும் மண்சட்டியில் வைக்கும் வீட்டில் அது பாதி நாள் சும்மா கிடக்கும். மண்சட்டியும் அலுமினியமும் அதில் சூடாகா, அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேலை செய்யும். வாங்குவதென்றால் 2,000 வாட்ஸ் அடுப்பு 9 அம்பியர் வரை இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 13 அம்பியர் சொக்கற், 2.5 சதுர மி.மீ. வயர் வேண்டும். 5 அம்பியர் பிளக்கில் மல்ட்டி மாட்டிக் கேத்திலையும் குக்கரையும் ஒன்றாகப் போடுவதுதான் பல வீட்டில் சொக்கற் கருகக் காரணம். அடியிலுள்ள விசிறித் துவாரத்தால் உப்புக் காற்றும் எறும்பும் பல்லியும் உள்ளே போகும். பாவித்து முடிந்தால் பலகையில் நிமிர்த்தி வையுங்கள். ஐப்பசி இடிமழை நாட்களில் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றவேண்டும். சுருள் வெளியே தெரியும் பழைய ஹீற்றர் வேண்டவே வேண்டாம். பால் பொங்கி வழிந்தால் பானையிலேயே கரன்ட் ஏறும்.


சம்மாந்துறை_உமி எழுதியது:

தங்கச்சி, உமி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு உமியை விடாதீங்க. 100 கிலோ நெல் குற்றினால் 20 கிலோ அளவு உமி வரும். ஒரு கிலோ உமியில் 13, 14 மெகாஜூல் சூடு, காய்ந்த விறகில் 15, 16. பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் எந்த மில் என்று பாருங்க. நெல் அவிக்கிற மில்கள் தங்கட பொயிலருக்கே உமியை எரித்துவிடும். பச்சையரிசி அடிக்கிற, ரப்பர் ரோலர் போட்ட மில்லில்தான் முழு உமி மிச்சமாக இருக்கும். பழைய இரும்பு உருளை மில்லில் உமியும் தவிடும் சேர்ந்து தூளாக வரும். அது காற்றுப் போகவிடாது, புகைதான் வரும்.

உமி ஏன் விறகு மாதிரி எரியாது என்று விளங்கினால் அடுப்புப் பிடிபட்டுவிடும். விறகு எரிந்தால் சாம்பல் உதிர்ந்து விழும். உமியில் எடைக்கு 15 முதல் 20 வீதம் சாம்பல், அது கிட்டத்தட்ட முழுதும் சிலிக்கா. உமி எரிந்த பிறகும் அதே வடிவில் கூடாக நிற்கும், அடியில் இருக்கிற உமிக்குக் காற்றை விடாது. அதனாலதான் சாதாரண அடுப்பில் உமியைக் கொட்டினால் மேலே கறுத்து, நெருப்பு மூடிக்கொள்ளும். காற்றுக்கு வழியை நாம்தான் வைக்கவேணும்.

வழி ஒன்று, அடைக்கிற அடுப்பு. 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் வட்டத் தகரம் ஒன்று. அடிப்பக்கம் ஓரத்தில் 6, 7 செ.மீ. துவாரம். அந்தத் துவாரத்தால் ஒரு போத்தலை நடுவரைக்கும் படுக்கவையுங்க. அதுக்கு மேலே இரண்டரை அங்குல பீவீசீ குழாயை நிமிர்த்திப் பிடியுங்க. உமி இரண்டு பங்கு, மரத்தூள் ஒரு பங்கு, கையில் பிடித்தால் லேசாக ஒட்டுகிற அளவுக்குத் தண்ணி தெளித்துக் கலந்து, 10 செ.மீ. 10 செ.மீ. ஆகப் போட்டுக் கட்டையால் இறுக்குங்க. வாய்க்கு இரண்டு விரல் கீழே நிறுத்திக் குழாயைத் திருகி மேலே உருவுங்க, போத்தலையும் திருகியே இழுங்க. நேராக இழுத்தால் சுவர் இடிந்து விழும். வெறும் உமி மட்டும் என்றால் வழுக்கும், துளை நிற்காது. மரத்தூள் சேர்ப்பது அதுக்குத்தான்.

மேலே மூன்று கல் வைத்துப் பானைக்கும் தகரத்துக்கும் இடையில் 2, 3 செ.மீ. இடைவெளி விடவேணும். பானையை வாயோடு பதித்தால் சுவாலை மூச்சடைத்துப் புகையும். கீழ்த் துவாரத்தால் கடதாசியும் சிரட்டைத் துண்டும் வைத்துப் பற்றவையுங்க. முதல் 5, 10 நிமிசம் புகைக்கும், பிறகு துளை சிவந்து சுவாலை நிற்கும். சூடு கூட்ட ஒரு மெல்லிய விறகைக் கீழ்த் துவாரத்தால் தள்ளுங்க, குறைக்கத் துவாரத்தை ஓட்டுத் துண்டால் பாதி மூடுங்க. இப்படி ஒரு தடவை அடைத்தால் 2 முதல் 3 மணித்தியாலம் எரியும். இடையில் குத்தவோ ஆட்டவோ கூடாது. தளர்வாக அடைத்தால் முழு உமியும் ஒரே நேரத்தில் பிடித்துப் புகைந்து இடிந்துவிடும். அடுப்புக் கெட்டதென்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு நடப்பது இதுதான்.

வழி இரண்டு, விசிறி வைத்த உமி வாயு அடுப்பு. பிலிப்பைன்ஸ்காரர் அலெக்சிஸ் பெலோனியோ செய்து பரப்பிய அமைப்பு. உள்குழாய் 15 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். 1.2, 1.3 கிலோ உமி பிடிக்கும். அடியில் கம்பித்தட்டு, அதுக்குக் கீழே கம்பியூட்டருக்குப் போடுகிற 12 வோல்ட் சின்ன விசிறி. நெருப்பு வைப்பது மேலே, காற்று வருவது கீழே. மேலேயிருந்து கீழே எரிந்து வரும்போது வெளிவருகிற வாயுதான் பேர்ணரில் எரியும். இரண்டு மூன்று நிமிசத்தில் நீலச் சுவாலை வரும், முக்கால் மணித்தியாலம் நிற்கும், பானையும் அவ்வளவாகக் கரி பிடிக்காது. வெல்டிங் கடையில் செய்விக்கும்போது உள்குழாய்க்குத் துருப்பிடிக்காத தகடு கேளுங்க. சாதாரணத் தகடு சூட்டிலும் உப்புக் காற்றிலும் சீக்கிரம் ஓட்டை விழும். வெளிக்கூட்டுக்கும் உள்குழாய்க்கும் இடையில் 2, 3 செ.மீ. விட்டு உமிச் சாம்பலை நிரப்பினால் சூடு வெளியே போகாது.

இதில் ஆபத்து ஒன்று இருக்கு. விசிறி நின்றாலோ சுவாலை அணைந்தாலோ வெள்ளைப் புகை வரும். அது எரியாத வாயு, அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கு. உடனே பற்றவையுங்க, இல்லாட்டி வெளியே தூக்கி வையுங்க. பூட்டிய குசினிக்குள் இந்த அடுப்பு கூடாது. உங்கட அரைச்சுவர் அடுப்படி சரி. நடுவில் உமி சேர்க்கவும் முடியாது. முடிந்ததும் மிஞ்சுகிற கறுப்புக் கரியைத் தகர வாளியில் கொட்டித் தண்ணி ஊற்றுங்க. அப்படியே விட்டால் மணிக்கணக்கில் உள்ளுக்குள் கனன்று அதே வாயுவை விடும். அணைந்த கரி மிளகாய் நாற்றுமேடைக்கும் பூச்சாடிக்கும் நல்லது.

அளவு: அடைக்கிற அடுப்பு நாளுக்கு ஒரு தரம், வாயு அடுப்பு ஒரு தரம் என்றால் நாளுக்கு 4 கிலோ, மாதம் 120 கிலோ. 50 கிலோ யூரியா பையில் உமி 7, 8 கிலோதான் போகும், ஆக 15 முதல் 17 பை. லேண்ட்மாஸ்டர் பெட்டி ஒன்றில் வந்துவிடும். உமியைவிட ஏற்றுக்கூலிதான் செலவு. ஆகவே இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஏற்றுங்க.


கல்லடி_மேசன் எழுதியது:

உமியைப் பற்றி அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் தகரம் அடைக்க ஆள் வேணும். வீட்டில் பிட்டவிக்கிறவருக்கு அந்த வேலையும் சேர்ந்தால் ஒரு மாதத்தில் திரும்பவும் கேஸுக்குப் போய்விடுவார்கள். வளவில் தென்னை நிற்கிறது, மதில் 4 அடியில் இருக்கிறது. இரண்டு வாய் மண் அடுப்பும் புகைபோக்கியும்தான் உங்களுக்கு அன்றாட அடுப்பு. உமியைக் கடலை, இறைச்சி, கால்நடைத் தீனி அவிக்க வையுங்கள்.

கட்டும் விதம். 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத்தில் மேடை. சீமெந்துக் கல் இரண்டு வரிசை, 13, 14 கல் போதும், உள்ளே மண் நிரப்புங்கள். நின்று சமைப்பதென்றால் மூன்று வரிசை. மேடைக்குச் சீமெந்துச் சாந்து பூசலாம், நெருப்புப் படும் இடத்தில் ஒரு கரண்டி சீமெந்தும் வரக்கூடாது. சூட்டில் வெடித்து உதிரும். அடுப்பு உடம்புக்குப் புற்றுமண் அல்லது களிமண் 4 வாளி, ஆற்றுமணல் 2 வாளி, உமி 1 வாளி. கடல் மணல் கலக்காதீர்கள். குழைத்து ஒரு நாள் ஊறவிட்டு, எலுமிச்சங்காய் அளவில் உருண்டை பிடித்துக் காயவைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் போதாது, விரலால் நசுக்க உதிர்ந்தால் களி போதாது.

உடம்பு உயரம் 25 செ.மீ. விறகு வாய் 18 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். உள்ளே தரையிலிருந்து 5 செ.மீ. மேலே கம்பித்தட்டு, கம்பிக்குக் கம்பி ஒரு செ.மீ. இந்தத் தட்டைத்தான் எல்லாரும் வேண்டாமென்று விடுகிறார்கள். அது இல்லாவிட்டால் கொள்ளி சாம்பலுக்குள் புதைந்து, கீழ்க்காற்று இல்லாமல் புகையும். தட்டிலிருந்து பானை அடி 15 செ.மீ. அதைவிடக் கூடினால் சுவாலை நுனி மட்டும் தொடும், குறைந்தால் நெருப்பு நசுங்கிக் கரி கட்டும். முதல் வாயிலிருந்து இரண்டாவதுக்கு 9, 10 செ.மீ. துவாரம் மேல்நோக்கிச் சரிவாகப் போகவேண்டும். இரண்டாம் வாய்க்குள் மண்ணை மேடாக உயர்த்தி, பானை அடிக்கும் மேட்டுக்கும் 3 செ.மீ. மட்டும் விடுங்கள். அந்த மேடு இல்லாவிட்டால் சூடு பானையைத் தொடாமல் கீழாலேயே புகைபோக்கிக்குப் போய்விடும், இரண்டாவது சட்டி வெதுவெதுப்போடு நிற்கும்.

வாய்களை உங்கள் வீட்டுச் சட்டியை ஈர மண்ணில் பதித்தே எடுங்கள். பிறகு சட்டி மாறினால் இடுக்கால் புகை வரும்.

புகைபோக்கி 4 அங்குலம். சுட்ட மண் குழாய் அல்லது கல்வனைஸ் தகடு. அஸ்பெஸ்டஸ் குழாய் மலிவென்று போடுவார்கள். சூட்டில் வெடிக்கும், நாரும் சுவாசத்துக்குக் கூடாது. அடுப்பிலிருந்து இரண்டரை மீற்றருக்குக் குறையாமல், கூரைக்கு மேலே 60 செ.மீ., பக்கத்து மதிலுக்கும் மேலே போகவேண்டும். அப்போதுதான் புகை அவர்கள் பக்கம் இறங்காது. தலையில் மழைத் தொப்பி. விறகு வாய் கச்சான் அடிக்கும் மேற்கையும் வாடை அடிக்கும் வடகிழக்கையும் பார்க்கக்கூடாது, தென்கிழக்கு நல்லது.

இரண்டு கிழமை நிழலில் காயட்டும். வெடிப்பை அதே மண்ணால் பூசுங்கள். முதல் மூன்று நாள் ஓலைச் சுள்ளியால் சின்ன நெருப்பு மட்டும். சமைக்கும்போது இரண்டாம் வாய் வெறுமையாக இருந்தால் மூடியால் மூடுங்கள், திறந்திருந்தால் இழுவை அறுந்து புகை முகத்துக்கு வரும். மாதம் ஒருமுறை புகைபோக்கியின் கரியைத் தட்டுங்கள். முன்பு நன்றாக எரிந்த அடுப்பு திடீரென்று புகைத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு கரியடைப்புத்தான்.


காரைதீவு_அடுப்படி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரைஸ் குக்கரும் கேத்திலும் இந்த மாதமே. மேசன் அண்ணா, கட்டாமல் அனகி அடுப்பு வாங்கி வைத்தால் போதாதா? கார்த்திகை, மார்கழியில் தென்னை மட்டையும் தேங்காய்ப் பொச்சும் ஊறிப்போய்க் கிடக்கும், அப்போது என்ன எரிப்பது? சாண வாயுவும் ஒருவர் சொன்னார்.


கல்லடி_மேசன் எழுதியது:

அனகி நல்ல அடுப்பு, 80களில் இலங்கையிலேயே வடிவமைத்தது, இரண்டு வாய், ஒரே வார்ப்பு. மூன்று கல் அடுப்பைவிட விறகு நன்றாகக் குறையும். ஆனால் புகைபோக்கி இல்லை, புகை இரண்டாம் சட்டியைச் சுற்றி வெளியே வரும். உங்கள் மதிலுக்கு அது பிரச்சினை. வாங்கினால் வெறும் தரையில் வைக்காமல் சுற்றி 5 செ.மீ. மண் அணைத்துவிடுங்கள், சூடும் நிற்கும், தட்டுப்பட்டு வெடிக்கவும் மாட்டாது.


படுவான்கரை எழுதியது:

சாண வாயுவுக்கு முதலில் பதில். ஒரு கிலோ பச்சைச் சாணத்துக்கு 40 லீற்றர் வாயு வரும். ஐந்து பேருக்கு நாளுக்கு 1,200 லீற்றர் வேணும், அதாவது 30 கிலோ சாணம். பகலில் மேய்ந்து இரவில் கட்டுகிற மாடு 4, 5 கிலோதான் பட்டியில் போடும். ஆறு ஏழு மாடு கட்டவேண்டி வரும். தண்ணி சரிக்குச் சரி கலந்தால் நாளுக்கு 60 லீற்றர், 50 நாள் நிற்க 3,000 லீற்றர் தொட்டி. உங்கட கடற்கரை மணலில் மாரிக்கு நிலத்தடித் தண்ணி மேலே வரும், ஆழமான குழி வெட்டினால் சுவர் நிற்காது, வெறுந்தொட்டி மிதக்கும். மாடில்லாத வீட்டுக்கு இதை விடுங்க.

மாரிக் கொள்ளிதான் முக்கியம். ஈர விறகில் எடையில் பாதி வரை தண்ணி. அந்தத் தண்ணியில் ஒரு கிலோ ஆவியாக 2.6 மெகாஜூல் போகும். அதைவிட, அடுப்பு குளிர்ந்து எரியாத புகையாக வெளியே போகிற சூடுதான் கூட. எவ்வளவு நல்ல அடுப்புக் கட்டினாலும் ஈர விறகு அதைக் கெடுத்துவிடும்.

கணக்கு இப்படி: காய்ந்த விறகும் நல்ல அடுப்பும் என்றால் ஒரு சிலிண்டருக்கு ஈடாக 80, 90 கிலோ வேணும். மூன்று கல் அடுப்பென்றால் 135 கிலோவுக்கு மேல். சோறும் தண்ணியும் கரன்ட்டுக்குப் போனதால் உங்களுக்கு மாதம் 60 கிலோ போதும். கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதத்துக்கு 180 கிலோ. மாசி, பங்குனியில் வேலிச் சீமைக்கிளுவையை வெட்டி மணிக்கட்டுத் தடிப்புக்குப் பிளந்துவிடுங்க. வெட்டாத உருளைக்குள் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். வேம்பு, பூவரசு, மரமுந்திரிகைக் கிளை எல்லாம் எரியும். வாவிக்கரைக் கண்டலிலும் கடற்கரைச் சவுக்கிலும் கைவைக்காதீங்க. சட்டப்படியும் குற்றம், காற்றுக்கு மறைப்பும் போய்விடும். பெயின்ற் அடித்த பலகை, பிளாஸ்ரிக் அடுப்புக்குள் வரவே கூடாது.

நிலத்திலிருந்து ஒரு அடி உயர்த்தி, கல்லுக்கு மேலே இரண்டு கம்பு போட்டு அடுக்குங்க. மேலே மட்டும் தகரம், பக்கம் திறந்திருக்கட்டும். சுற்றிவரப் பொலித்தீன் மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு துண்டைத் தட்டினால் கணீர் என்று கேட்கவேணும், முகப்பில் வெடிப்புத் தெரியவேணும். தொப்பென்று கேட்டால் இன்னும் காயவில்லை. சிரட்டையை எறியாமல் யூரியாப் பையில் சேருங்க. விறகைவிட அதுக்குச் சூடு கூட, மழை நாளில் பற்றவைக்க நாலு துண்டு போதும். அடுத்த நாளைக்கு வேண்டிய கொள்ளியை இரவே அடுப்புப் பக்கத்தில் அடுக்கிவிட்டால் மிச்ச ஈரமும் போய்விடும், ஆனால் விறகு வாய்க்கு முன்னால் இல்லை, பக்கவாட்டில்.

பருப்பு, கடலை, கௌபி மாதிரி நேரம் பிடிக்கிறதுக்கு ஒரு வழி. முதல் நாள் இரவு ஊறவைத்து, மூடியோடு 15 நிமிசம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் பெட்டிக்குள் இறக்குங்க. பெட்டி என்றால் மரப்பெட்டியோ பெரிய கூடையோ, அடியிலும் சுற்றிலும் 10 செ.மீ. காய்ந்த உமி, மேலே உமி அடைத்த தலையணை. மூன்று மணித்தியாலத்தில் வெந்திருக்கும். பானை முக்காலுக்குக் குறையாமல் நிறைந்திருக்கவேணும், கொஞ்சமாக வைத்தால் சூடு நிற்காது. இறைச்சி வைத்தால் எடுத்தவுடன் திரும்பக் கொதிக்கவைத்துத்தான் பரிமாறவேணும், இரவு முழுக்க அதுக்குள் விடக்கூடாது.


சம்மாந்துறை_உமி எழுதியது:

பெட்டிக்குப் போடுகிற உமியைப் புடைத்துத் தூசியை எடுத்துத் துணிப் பையில் தைத்துப் போடுங்க. நனைந்தால் வெயிலில் கொட்டிக் காயவைத்துத் திரும்ப அடைக்கலாம். உமிப் பைகளை அடுப்பிலிருந்து 6 அடி தள்ளி வையுங்க; பொறி ஒன்று உள்ளே போனால் சுவாலை தெரியாமல் அடுத்த நாள் வரைக்கும் உள்ளுக்குள் கனலும்.